ஆசிரியரைக் கெட்ட செய்தி எட்டும் வழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இரண்டு வாரங்களுக்கு முன் தொண்டுத் தலைமை குறித்து வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். அலுவலகங்களிலும் ஊடக நிறுவனங்களிலும் மேலே இருப்பவர் தம் கீழ் வேலை செய்பவர்களுக்குத் தொண்டு செய்பவராக இருக்க வேண்டும் என்ற கருத்தைத் தமிழ் வாசகர்களிடம் எடுத்து வந்ததற்கு முதலில் என் நன்றி. ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் 27 ஆண்டுகள், பெரும்பாலும் இரவுப் பணியில், துணை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஆகவே இந்தப் பொருளில் எனக்குள்ள அக்கறை வெறும் படிப்பினால் வந்தது அன்று. கட்டுரை இக்கருத்தை இனிய சுபாவத்தின் விளக்கமாகச் சுருக்கிவிட்டது என்பதும், ஆராய்ச்சிகள் மீண்டும் மீண்டும் போய் நிற்கும் கேள்வியை, அதாவது கீழே இருப்பவருக்குத் தெரிந்த கெட்ட செய்தி மேலே இருப்பவரை எட்டுகிறதா என்ற கேள்வியை, அது தொடாமலே முடிந்துவிட்டது என்பதும் என் குறை. அந்தக் குறையைச் சொல்லவும், அதைத் தொடர்ந்து தங்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு திருத்தம். 'கிரீன்லீஃப் வகுத்த 10 குணங்கள்' என்று கட்டுரை ஒரு பட்டியலைத் தந்திருந்தது. தொண்டுத் தலைமை என்ற கருத்தை முன்வைத்த அமெரிக்கரான ராபர்ட் கிரீன்லீஃப் அப்படியொரு பட்டியலை வகுக்கவில்லை. 1990-இல் அவர் காலமானார். அவர் பெயரில் இயங்கும் மையத்துக்குத் தலைவராக இருந்த லாரி ஸ்பியர்ஸ், கிரீன்லீஃபின் எழுத்துகளிலிருந்து பிற்பாடு தொகுத்துக் கொடுத்தவைதாம் அந்தப் பத்தும். புலமை காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. செவிமடுத்தல், பரிவு, தொலைநோக்கு, பொறுப்பேற்றல் என்று வரிசையாக எழுதிவிட்டால் எல்லாம் ஒரே எடை உடைய பண்புகளாகத் தோன்றிவிடுகின்றன. கிரீன்லீஃபின் மூலக் கட்டுரையிலோ செவிமடுத்தலுக்குத் தனி இடம் உண்டு. எந்தச் சிக்கல் எழுந்தாலும் தன்னையறியாமல் முதலில் காது கொடுப்பவரே இயல்பான தொண்டர் என்பது அவருடைய துணிபு. மற்றவை அதற்குப் பிறகு வருகின்றன.

அவர் கல்லூரி மண்டபத்திலிருந்து பேசியவர் அல்லர் என்பதும் இங்கே நினைவில் வைக்கத்தக்கது. 1926 முதல் 1964 வரை 38 ஆண்டுகள் ஏடி அண்ட் டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்து, நிர்வாக ஆராய்ச்சிப் பிரிவின் இயக்குநராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பின் பல்கலைக்கழகங்களுக்கு ஆலோசகராகச் சென்றபோது, அறுபதுகளின் இறுதியில் மாணவர்கள் கொந்தளித்து எழுந்ததையும், நிர்வாகத்தில் இருந்தவர்கள் அதன் காரணத்தை அறியாமல் திகைத்ததையும் அருகிலிருந்து பார்த்தார். அந்தச் சூழலில் 1970-இல் அவர் எழுதிய கட்டுரைதான் இந்தக் கருத்தின் ஊற்று. தொண்டுத் தலைமை எங்கே இருக்கிறது என்று அறிய அவர் ஒரு சோதனையையும் தந்தார்: தொண்டைப் பெறுகிறவர்கள் மனிதர்களாக வளர்கிறார்களா, முன்பைவிட நலமும் அறிவும் சுதந்திரமும் தற்சார்பும் பெறுகிறார்களா, தாமும் பிறருக்குத் தொண்டு செய்ய முன்வருகிறார்களா, சமுதாயத்தில் மிகக் குறைந்த வாய்ப்புடையவர்களுக்கு இதனால் நன்மை உண்டா, நன்மை இல்லாவிடினும் மேலும் இழப்பு நேராமலாவது இருக்கிறதா. இந்தக் கேள்விகளில் ஒன்றுகூடத் தலைவரின் குணத்தைப் பற்றியது அன்று. எல்லாக் கேள்விகளும் அவருக்குக் கீழே இருப்பவர்களுக்கு என்ன நேர்ந்தது என்றே கேட்கின்றன. தலைவர் பணிவானவரா, ஊழியர்களோடு ஒரே மேசையில் உணவருந்துகிறாரா, பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்கிறாரா என்பவற்றைத் தங்கள் கட்டுரை விரிவாகப் பேசியது. அவையெல்லாம் நல்லவைதாம். ஆனால் அவற்றை வைத்து இந்தச் சோதனையில் தேற முடியாது.

தொண்டு என்றவுடன் மென்மை என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு, கிரீன்லீஃப் தம் கட்டுரையில் விரும்பி எடுத்துக்காட்டிய ஒருவரைக் குறிப்பிடுகிறேன். 18-ஆம் நூற்றாண்டில் நியூ ஜெர்சியில் வாழ்ந்த ஜான் உல்மன் என்ற தையல்காரர், குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அடிமைகளை வைத்திருந்த தம் சபையினரை அவர் மேடையேறித் தூற்றவில்லை. பல ஆண்டுகள் ஊர் ஊராகப் பயணம் செய்து, வீடு வீடாகச் சென்று, அவர்கள் தாமே தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளும்படியான கேள்விகளை எழுப்பினார். தாம் தங்கிய வீட்டில் அடிமைகள் தமக்குப் பணிவிடை செய்தால் அதற்குரிய கூலியைக் கொடுத்துவிட்டே புறப்பட்டார். அந்த நாணயம் வீட்டுக்காரரின் மனத்தில் எழுப்பியிருக்கக்கூடிய சங்கடத்தை நினைத்துப் பாருங்கள். அவர் 1772-இல் இறந்தார். 1776-இல் பிலடெல்பியாவின் குவேக்கர் ஆண்டுக்கூட்டம் தன் உறுப்பினர்கள் அடிமைகளை வைத்திருப்பதைத் தடை செய்தது. இந்த மாற்றத்துக்கு உழைத்தவர் அவர் ஒருவரே அல்லர் என்றாலும், கேட்பவரைச் சிறுமைப்படுத்தாமலும் உண்மையை நீர்த்துப்போக விடாமலும் பேசுகிற கலையை அவரிடம்தான் கிரீன்லீஃப் கண்டார். இடித்துரைத்தல் என்று நம் மொழியில் இதற்கு அழகான சொல் இருக்கிறது. இடித்துரைப்பதும் அதைக் கேட்டுக்கொள்வதும் தொண்டுத் தலைமையின் இரு கைகள் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

ஆராய்ச்சி என்ற பகுதிக்கு வருகிறேன். 'தொண்டுத் தலைமை லாபத்தைக் கூட்டும் என்பது ஆய்வுகளால் நிறுவப்பட்டுவிட்டது' என்ற வரி எனக்கு வருத்தம் தந்தது. ராபர்ட் லைடனும் அவருடைய கூட்டாளிகளும் 2008-இல் 28 கேள்விகளைக் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். ஊழியர்கள் தம் மேலதிகாரியைப் பற்றி அக்கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். நெதர்லாந்தைச் சேர்ந்த வான் டீரன்டாங்கும் இன்னொருவரும் 2011-இல் வேறோர் அளவுகோலைத் தந்தார்கள். இவை வந்தபின் ஆய்வுகள் பெருகின. 2019-இல் வெளியான ஒரு திறனாய்வு, அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் வந்த 285 கட்டுரைகளை எடுத்துப் பரிசீலித்தது. லைடன் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வொன்று குறிப்பிடத்தக்கது: ஓர் உணவகக் குழுமத்தின் 71 கிளைகளில் 961 ஊழியர்களிடம் தகவல் திரட்டியபோது, கிளை மேலாளரின் தொண்டு மனப்பான்மை அந்தக் கிளையில் ஒருவருக்கொருவர் உதவும் பழக்கமாகப் பரவுவதையும், அந்தப் பழக்கத்துக்கும் கிளையின் செயல்திறனுக்கும் தொடர்பு இருப்பதையும் கண்டார்கள். மேலே ஒருவர் நடந்துகொள்ளும் விதம் கீழே பழக்கமாகப் படியும் என்பதற்கு இது நல்ல சான்று.

எனினும் இத்துறை ஆய்வுகளில் பெரும்பாலானவை வினாத்தாள்களை நம்பியவை. அதே ஊழியரிடம் அதே காலத்தில் மேலதிகாரியைப் பற்றியும் அவரவர் மனநிறைவைப் பற்றியும் கேட்டு, இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டவை அவற்றில் பல. மனநிறைவோடு இருப்பவர் மேலதிகாரிக்கும் தாராளமாக மதிப்பெண் போடக்கூடும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். தொடர்பு இருப்பது வேறு, ஒன்று மற்றொன்றை விளைவித்தது என்று காட்டுவது வேறு. மேற்சொன்ன 2019-ஆம் ஆண்டுத் திறனாய்வை எழுதியவர்களே ஆய்வு முறைகள் இன்னும் கறாராக வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். ஆராய்ச்சியாளர்கள் தயங்கித் தயங்கிச் சொல்வதை நாளிதழ்கள் தயக்கத்தைக் கழித்துவிட்டு அச்சிடுகின்றன. நானும் 27 ஆண்டுகள் அந்தக் கழித்தலைச் செய்தவன்தான் என்பதால், இதைக் குற்றச்சாட்டாக அன்றி, ஒரே தொழிலில் இருப்பவர் பேசிக்கொள்ளும் பேச்சாகவே எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி நான் நேரில் கண்டது. தொண்ணூறுகளின் நடுவில் ஓர் இரவு, பேருந்தும் லாரியும் மோதிய விபத்துச் செய்தி பதினொன்றரை மணிக்கு மேல் வந்தது. மாவட்டத்தின் பகுதிநேர நிருபர் மருத்துவமனையிலிருந்து திரட்டிய பெயர்களைத் தொலைநகலில் அனுப்பியிருந்தார். இறந்தவர்கள் பட்டியலில் இருந்த ஒரு பெயர், அதே வயது, அதே ஊர் என்ற குறிப்புடன் காயமடைந்தவர்கள் பட்டியலிலும் இருந்தது. அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கும் எங்கள் மெய்ப்புத் திருத்துநர், ஓய்வுபெறும் வயதில் இருந்த மனிதர், இரண்டு இடத்திலும் பென்சிலால் வட்டம் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். நான் அதை இரவுப் பணிப் பொறுப்பாளரிடம் காட்டினேன். நிருபரைத் திரும்பத் தொடர்பு கொள்ள வழியில்லை. அவர் தொலைநகல் அனுப்பிய பொதுத் தொலைபேசிக் கடையை மூடிவிட்டார்கள். பெயரை எடுத்துவிட்டு எண்ணிக்கையை மாற்ற வேண்டுமானால் செய்தி ஆசிரியரை வீட்டில் எழுப்பிக் கேட்க வேண்டும். அதற்கு முந்தைய வாரம்தான், ஒரு பெயரின் எழுத்தைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் பக்கத்தை நிறுத்திவைத்த தோழரை அவர் எல்லோர் முன்னிலையிலும் வைது, பக்கத்தின் படியைத் தரையில் எறிந்திருந்தார். பொறுப்பாளர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பக்கம் அச்சுக்குப் போயிற்று.

அந்த மனிதர் உயிரோடு இருந்தார். கால் எலும்பு முறிந்து மருத்துவமனையில் படுத்திருந்தார். வேறோர் ஊரில் இருந்த அவருடைய அக்கா, காலையில் பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் யாரோ படித்துச் சொல்லக் கேட்டு, பூமாலை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. கீழே வரவேற்பில் நின்று, "பேப்பர்ல போடறதுக்கு முன்னாடி யாராச்சும் ஒரு தடவை படிச்சுப் பாக்க மாட்டீங்களா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். பார்த்தோம் அம்மா, மூன்று பேர் பார்த்தோம், பென்சிலால் வட்டமும் போட்டோம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை அந்தக் கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. மூன்றாம் நாள் உள்பக்கத்தின் அடியில் நான்கு வரியில் வருத்தம் தெரிவித்தோம். விசாரணை நடந்தது, வரிக்கணக்கில் கூலி பெற்றுவந்த அந்தப் பகுதிநேர நிருபரின் பணி நிறுத்தப்பட்டது. 'ஒருவர் கண்ணிலும் படவில்லையா?' என்று செய்தி ஆசிரியர் கூட்டத்தில் இரைந்தபோது, பென்சில் வட்டத்தைப் பற்றி நாங்கள் யாரும் பேசவில்லை. கண்ணில் பட்டது என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

அவர் கொடியவர் அல்லர் என்பதைச் சொல்லியாக வேண்டும். தமிழைப் பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொடுத்தவர். வீட்டில் இழவு என்றால் முதல் ஆளாக வந்து நிற்பவர். கடன் கேட்டால் மறுக்காதவர். தங்கள் கட்டுரை தந்த பத்துக் குணங்களில் உள்ள பரிவு அவரிடம் நிறையவே இருந்தது. இல்லாமல் போனது, தம்மிடம் ஒரு தவறைக் கொண்டுவருகிறவர் அடிபடாமல் திரும்பிப் போகலாம் என்ற உறுதி ஒன்றுதான்.

சில ஆண்டுகள் கழித்து அந்த இருக்கைக்கு வேறொருவர் வந்தார். அதிகம் சிரிக்காதவர், யாரிடமும் நெருங்கிப் பழகாதவர். ஆனால் முதல் பதிப்பின் பிரதிகள் மை உலராமல் மேலே வந்ததும் அவரே எங்கள் மேசைக்கு வந்து நிற்பார். தம் கையால் நேர்ந்த தவறு ஏதும் இருந்தால் அதை முதலில் சொல்வார். பிறகு இருப்பவர்களில் இளையவரிடம், "எங்கே தப்பு இருக்கு, சொல்லுங்க" என்பார். மெய்ப்புத் திருத்துநர் உட்பட யார் வேண்டுமானாலும் ஒரு செய்தியை நிறுத்தலாம், தாமதத்துக்கு நிர்வாகத்திடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று எழுத்தில் கொடுத்திருந்தார். சொன்னவருக்கு அடுத்த நாளே விடை கிடைத்தது. ஏற்கவில்லை என்றால் ஏன் ஏற்கவில்லை என்பதும் கிடைத்தது. ஓராண்டு முடிவில் பிழைப் பதிவேடு தடித்துவிட்டது. இவர் காலத்தில் பிழைகள் கூடிவிட்டனவே என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டது எங்கள் காதுக்கும் வந்தது.

அந்தக் கேள்விக்குரிய விடையை நான் வெகுகாலம் கழித்து, ஓய்வுக்குப் பின், ஏமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்டு பேராசிரியரின் ஆய்வில் கண்டேன். மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை அவர் தொண்ணூறுகளில் ஆராய்ந்தார். நல்ல தலைமையும் நல்ல உறவும் உள்ள பிரிவுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேடுகள் நேர்மாறாகக் காட்டின. மேலும் நுணுகிப் பார்த்தபோது, அந்தப் பிரிவுகளில் தவறுகள் கூடுதலாக நடக்கவில்லை, செவிலியர்கள் அச்சமின்றிக் கூடுதலாகச் சொன்னார்கள் என்ற முடிவுக்கு வந்தார். 1999-இல் ஒரு தொழில் நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, இந்த அச்சமின்மைக்கும் குழுவின் கற்றலுக்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டினார். உளப் பாதுகாப்பு என்று அதற்குப் பெயர். மௌனத்தைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. பிரான்சிஸ் மில்லிகன், எலிசபெத் மாரிசன் ஆகியோர் இன்னொருவருடன் சேர்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வுக்காக 40 ஊழியர்களிடம் பேசியபோது, ஒரு முறையேனும் முக்கியமான ஒன்றை மேலதிகாரியிடம் சொல்ல முடியாமல் விழுங்கியதாக 85 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள். குறை கூறுபவன் என்று பெயர் வந்துவிடும், உறவு கெடும், சொல்லியும் பயனில்லை என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். எங்கள் இரவு மேசையில் அந்த மூன்றும் இருந்தன.

ஒரு சிறு நாளிதழின் கதையை வைத்து ஊடகத் துறையையே எடைபோடலாமா என்று தாங்கள் கேட்கக்கூடும். உலகின் பெரிய நாளிதழ்களில் ஒன்றில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். நியூயார்க் டைம்ஸின் நிருபர் ஜேசன் பிளேர் 2003-ஆம் ஆண்டு மே 1 அன்று பதவி விலகினார். போகாத ஊர்களுக்குப் போனதாகவும் பேசாதவர்களிடம் பேசியதாகவும் எழுதியவர் அவர். டெக்சாஸில் ஒரு பத்திரிகையாளர் தம் செய்தியை அவர் எடுத்தாண்டிருப்பதைக் கண்டுகொண்டதில் எல்லாம் வெளியே வந்தது. மே 11 அன்று அந்த நாளிதழ் தன் முதல் பக்கத்திலேயே தொடங்கி உள்ளே பல பக்கங்களுக்கு நீண்ட விசாரணையை வெளியிட்டது. முந்தைய அக்டோபருக்குப் பின் அவர் எழுதிய 73 செய்திகளில் குறைந்தது 36-இல் குறை இருந்தது.

இந்தச் செய்தியை அந்நாளில் எல்லோரும் ஒரு தனிமனிதரின் பொய்யாகவே பேசினோம். விசாரணையில் என் மனத்தைத் தைத்த இடம் வேறு. பெருநகரச் செய்திப் பிரிவின் ஆசிரியர் ஜோனதன் லேண்ட்மன், ஓராண்டுக்கு முன்னரே, 2002 ஏப்ரலில், இவர் இந்த நாளிதழுக்கு எழுதுவதை உடனே நிறுத்தியாக வேண்டும் என்று நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பென்சில் வட்டம் அங்கேயும் போடப்பட்டிருந்தது. அதற்குப் பிறகும் பிளேர் நாட்டின் முக்கியமான செய்திகளுக்கு அனுப்பப்பட்டார்; அவரைப் பொறுப்பேற்ற வேறு பிரிவினர் அந்த எச்சரிக்கையை அறிந்திருக்கவில்லை. மே 14 அன்று ஒரு திரையரங்கில் ஊழியர்கள் அனைவரும் கூடியபோது, நிர்வாக ஆசிரியர் ஹோவல் ரெய்ன்ஸ், தம்மை எளிதில் அணுக முடியாதவராகவும் இறுமாப்பு உடையவராகவும் பலர் காண்கிறார்கள் என்பதையும், கெட்ட செய்தியைத் தம்மிடம் கொண்டுவர ஆசிரியர்களே அஞ்சுகிறார்கள் என்று தமக்குச் சொல்லப்பட்டதையும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஜூன் 5 அன்று அவரும் மேலாண்மை ஆசிரியர் ஜெரால்டு பாய்டும் பதவி விலகினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த நாளிதழ் இதழியலுக்கான ஏழு புலிட்சர் பரிசுகளைப் பெற்றிருந்தது. விரட்டி வேலை வாங்கும் தலைமை பரிசுகளையும் கொண்டுவரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தன்னைப் பற்றிய கெட்ட செய்தியை அந்தத் தலைமையால் அறிந்துகொள்ள முடியாமற்போகிறது.

அதே விசாரணையில் இன்னொரு செய்தியும் இருந்தது. ஈராக் போரில் சிறைபிடிக்கப்பட்ட ஜெசிகா லிஞ்ச் என்ற படைவீரரின் வீட்டுத் திண்ணையிலிருந்து புகையிலை வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் தெரிவதாக பிளேர் எழுதியிருந்தார். அங்கிருந்து அப்படி எதுவும் தெரியாது. குடும்பத்தினர் அதைப் படித்தும், நாளிதழுக்குத் தெரிவிக்கவில்லை. செய்தி அறையின் அடிமட்டத்தில் இருப்பவர் பேசாமலிருப்பதைப் பற்றித்தான் இதுவரை எழுதினேன்; வெளியே இருக்கும் வாசகரும் பேசாமல் இருந்துவிடுகிறார். பத்திரிகைக்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்கள், சொன்னாலும் யார் கேட்கப் போகிறார்கள் என்று அவர் எண்ணத் தொடங்கிவிட்டால், அந்த நாளிதழ் ஒரு பெரிய செவியை இழந்துவிடுகிறது. ஊடகத்தில் தொண்டுத் தலைமை என்பது ஆசிரியருக்கும் ஊழியருக்கும் இடையே மட்டும் முடிந்துவிடும் செய்தி அன்று என்று நான் கருதுவது இதனால்தான்.

பிளேர் நிகழ்வுக்குப் பின் நியூயார்க் டைம்ஸில் ஆலன் சீகல் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரையை ஏற்று, 2003 டிசம்பரில் டேனியல் ஓக்ரென்ட் என்பவர் அந்நாளிதழின் முதல் பொது ஆசிரியராகப் பொறுப்பேற்றார். வாசகர் சார்பில் நாளிதழையே அதன் பக்கங்களில் கேள்வி கேட்பது அவர் வேலை. பிரிட்டனில் கார்டியன் 1997-லேயே வாசகர் ஆசிரியர் என்ற பதவியை ஏற்படுத்தியிருந்தது. நம் நாட்டில், சென்னையிலிருந்து வெளிவரும் தி இந்து 2006-இல் கே. நாராயணன் அவர்களை வாசகர் ஆசிரியராக நியமித்தது. இந்திய நாளிதழ்களில் அது முன்னோடி முயற்சி. தலையங்கப் பக்கத்தில் அவர் எழுதியவற்றை இரவுப் பணிக்குக் கிளம்புமுன் படித்துவிட்டுப் போனவர்களில் நானும் ஒருவன். நியூயார்க் டைம்ஸ் 2017-இல் தன் பொது ஆசிரியர் பதவியை நீக்கிவிட்டது. சமூக ஊடகங்களில் இலட்சக்கணக்கான வாசகர்களே காவலர்களாக இருக்கிறார்கள் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். அதை என்னால் ஏற்க முடியவில்லை. இலட்சம் பேர் பேசுவது வேறு; பேசியதைக் கேட்டு, சரிபார்த்து, விடை சொல்ல ஒருவர் பொறுப்பேற்பது வேறு. காது என்பது பிந்தையதுதான்.

இரவு பன்னிரண்டு மணிக்கு அச்சகம் காத்திருக்கும்போது கருத்துக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்பது என் பழைய தோழர்கள் எழுப்பும் மறுப்பு. அது நியாயமான கேள்வி. செய்தி அறையில் ஒருவர் முடிவெடுக்கவே வேண்டும். எல்லாவற்றையும் வாக்கெடுப்புக்கு விட்டால் நாளிதழ் விடியுமுன் வராது. ஆனால் நான் சொன்ன இரண்டாவது செய்தி ஆசிரியர் முடிவெடுக்கும் உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. முடிவெடுக்குமுன் தமக்குத் தெரிய வேண்டியது தம்மை எட்டும்படி செய்துகொண்டார், அவ்வளவுதான். அவருடைய காலத்தில் பதிப்பு தாமதமான இரவுகள் எண்ணிச் சொல்லும்படி சிலவே.

கிரீன்லீஃபின் கடைசிக் கேள்வி, மிகக் குறைந்த வாய்ப்புடையவர்களுக்கு என்ன நேர்கிறது என்பது, நாளிதழ் உலகில் நேரே மாவட்டங்களிலும் வட்டங்களிலும் இருக்கும் பகுதிநேர நிருபர்களிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. தமிழ் நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்கள் அவர்கள் உழைப்பால் நிறைகின்றன. மழையிலும் விபத்திலும் கோயில் தேரிலும் முதலில் நிற்பவர்கள் அவர்கள். நியமனக் கடிதமும் மாதச் சம்பளமும் இல்லாமல், வெளியான செய்திக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, விளம்பரமும் சேர்த்துத் தரச் சொல்லி நெருக்கப்படுபவர்களும் அவர்களில் பலர் உண்டு. தவறு நேர்ந்தால் முதலில் நீக்கப்படுபவரும் அவரே. இப்படி இருப்பவர், தாம் அனுப்பிய செய்தியில் ஒரு பெயர் சந்தேகமாக இருக்கிறது என்று தலைமை அலுவலகத்துக்குத் தாமாகத் தொலைபேசி பேசுவார் என்று எப்படி எதிர்பார்ப்பது? அவரைப் பற்றி எந்த ஆய்வின் வினாத்தாளும் கேட்டதாக நான் படித்ததில்லை. தங்கள் கட்டுரையிலும் அவர் வரவில்லை.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. தொண்டுத் தலைமையை வாசகர்களுக்கு அறிமுகம் செய்த தங்கள் நாளிதழே அதை மேற்கொண்டு காட்ட வேண்டும். செய்திப் பிரிவின் கட்டுப்பாட்டில் இல்லாத, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு நீக்க முடியாத ஒரு வாசகர் ஆசிரியரை நியமித்து, அவர் எழுதுவதை மாற்றாமல் வாரம் ஒருமுறை வெளியிடுங்கள். திருத்தங்களுக்கு நாள்தோறும் ஒரே பக்கத்தில் ஒரே இடத்தை ஒதுக்கி, எது தவறு, எது சரி, தவறு எப்படி நேர்ந்தது என்பதை மூன்று வாக்கியங்களிலாவது சொல்லுங்கள். 'தவறுதலாக வெளியாகிவிட்டது' என்ற ஒற்றைச் சொல் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. செய்தி அறையில், மெய்ப்புத் திருத்துநரோ நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளரோ ஐயம் எழுப்பினால் அந்தச் செய்தி விடை கிடைக்கும்வரை நகராது என்பதைத் தங்கள் கையெழுத்துடன் சுவரில் ஒட்டுங்கள். பகுதிநேர நிருபர்கள் நள்ளிரவிலும் அழைக்கக்கூடிய ஓர் எண்ணைக் கொடுத்து, அதை எடுப்பவர் பெயரையும் அவர்களுக்குத் தெரிவியுங்கள். தம் தவறைத் தாமே சொன்னவரை அந்தத் தவறுக்காக நீக்குவதில்லை என்றும் உறுதி கொடுங்கள்.

இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. முதல் ஆண்டில் திருத்தங்களின் எண்ணிக்கை கூடும். போட்டி நாளிதழ்கள் அதைச் சுட்டிக்காட்டவும் கூடும். அப்போது தங்கள் நிர்வாகத்தில் யாரேனும் பிழைகள் பெருகிவிட்டனவே என்று கேட்டால், இக்கடிதத்தில் நான் குறிப்பிட்ட மருத்துவமனை ஆய்வை அவரிடம் கொடுங்கள். அந்த அக்காவின் கேள்விக்கு நான் சொல்லாமல் விட்ட விடையைத் தங்கள் இரவு மேசையில் இருக்கும் பிள்ளைகளாவது சொல்லக்கூடிய நிலை வர வேண்டும் என்பதே என் விருப்பம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற துணை ஆசிரியர்,
மயிலாடுதுறை